குலதெய்வம் கேட்கிற மண்டபம்

சென்னை
4.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இறையருளால் நான், சோபனா, பிரியதர்ஷினி மூவரும் நலம். உங்கள் சர்க்கரையும் மாமாவின் முழங்கால் வலியும் இப்போது எந்த அளவில் இருக்கின்றன என்று எழுதுங்கள்.

மகிழ்ச்சியான செய்தி. பிரியாவுக்கு வரன் முடிந்துவிட்டது. பையன் பெயர் குரு. நம்மவர்கள்தான், மாரண்டஹள்ளிக்காரர்கள். ஓசூரில் கம்பெனி வேலை. வரும் நவம்பர் 27, வியாழக்கிழமை முகூர்த்தம். கல்யாணத்தைத் தருமபுரிப் பக்கமே வைக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். நம் ஆலேரிஹள்ளியில் பைபாஸ் ஓரம் தீர்த்தகிரி ஒரு ஏசி மண்டபம் கட்டியிருக்கிறாராமே, அதைப் பிடித்துவிடுங்கள். நீங்கள் இப்போது பேரூராட்சித் தலைவர். தலைவரே போய்க் கேட்டால் மறுக்கவா போகிறார்?

தலைமைச் செயலகத்தில், நகராட்சி நிர்வாகத் துறையில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. பிரிவு அலுவலர் என்றால் எல்லாக் கோப்பும் என் மேஜையைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி அன்பு

ஆலேரிஹள்ளி
14.5.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு நானும் உன் மாமா அர்ச்சுனனும் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. என் சர்க்கரை ஏறி இறங்குகிறது. அவர் முழங்கால் ஏறுவதே இல்லை, படியில். போனில் கூப்பிட்டால் நீ ‘மீட்டிங்’ என்று வைத்துவிடுகிறாய். எழுத்தில் அந்த வசதி கிடையாது, அதனால் இனிமேலும் எழுதியே பேசுவோம்.

வெற்றிலை பாக்குத் தட்டோடு மண்டபத்துக்குப் போனேன். தீர்த்தகிரி நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார். எல்லாம் ஆன பிறகு, “ஏனுங்க தலைவரம்மா, குலதெய்வம் எதுங்க?” என்றார்.

“முனியப்பனுங்க” என்றேன்.

“எந்தூரு முனியப்பன்? பூசாரி யாரு?”

என் ஜாதி தெரியாமலா கேட்டார்? முப்பது வருஷம் இந்த ஊரில் நர்ஸாக இருந்தவள் நான். அவர் மகனுக்கு முதல் ஊசி போட்டதே இந்தக் கைதான். அன்றைக்குக் குழந்தையின் தொடையைக் காட்டினார்களே தவிர, குலதெய்வத்தை யாரும் கேட்கவில்லை. ஆனால் மண்டபம் பிடிக்க வருகிறவர்கள் எல்லோரையும் இப்படிக் கேட்பது அவர் வைத்திருக்கிற வழக்கமாம். பதில் பிடித்திருந்தால் வெற்றிலை மாற்றிக்கொள்வார். பிடிக்காவிட்டால் உள்ளே போய்க் காலண்டரைப் புரட்டிவிட்டு வந்து, “அன்னிக்கு மண்டபம் போயிருச்சுங்களே” என்பார். யாராவது சண்டைக்குப் போனால், ஜாதியையா கேட்டேன், சாமியைத்தானே கேட்டேன் என்று பக்தியோடு சொல்வார். மனுஷன் வாயால் இல்லை என்று சொல்வதற்குக்கூட வக்கில்லாமல், அந்த வேலையையும் முனியப்பன் தலையில் கட்டிவிட்டார்.

எனக்கும் அதையேதான் சொன்னார். நான் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மோரைக் குடிக்கவில்லை. இந்த ஆள் மண்டபம் நடத்துவது பேரூராட்சி கொடுத்த உரிமத்தில்தான். இதை மன்றத்தில் வைத்துப் பார்க்கப்போகிறேன்.

பிரியாவுக்கு என் முத்தம்.

உன் அக்கா மணிமேகலை

சென்னை
28.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் மாத்திரைகளை வேளை தவறாமல் போடுகிறீர்களா?

நடந்ததைப் படித்து வருத்தப்பட்டேன். ஊர் ஆட்கள் அப்படித்தான், அவர்களிடம் போய் நாம் எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்? தருமபுரியில் எத்தனையோ மண்டபங்கள் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்து வைத்தால் போதும். மன்றம், தீர்மானம் என்றெல்லாம் போனால் வீண் மனஸ்தாபம்தான். அதற்கெல்லாம் ஏற்கெனவே சட்டங்கள் இருக்கின்றன. நீங்கள் ஒரு பொறுப்பில் இருக்கிறீர்கள், நானும் ஒரு பொறுப்பில் இருக்கிறேன் என்பதை மறக்க வேண்டாம்.

மாமாவுக்கு என் வணக்கம்.

அன்பு

ஆலேரிஹள்ளி
20.6.2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். மாத்திரையும் போடுகிறேன், தீர்மானமும் போட்டாகிவிட்டது.

பேரூராட்சி உரிமத்தில் நடக்கிற மண்டபம், சலூன், ஓட்டல், லாட்ஜ் எதுவானாலும் வருகிறவரிடம் ஜாதியையோ குலதெய்வத்தையோ கேட்கக்கூடாது, கேட்டு மறுத்தால் உரிமம் ரத்து. இவ்வளவுதான் தீர்மானம். எல்லா வார்டுக்காரர்களும் கை தூக்கினார்கள். சிலர் கையைத் தூக்கியபடி ஜன்னல் வழியாகத் தீர்த்தகிரியின் கார் நிற்கிறதா என்று பார்த்தார்கள், ஆனாலும் தூக்கினார்கள்.

செயல் அலுவலர் முருகேஷ் மட்டும் எழுந்து, “மேடம், இதுக்கு நமக்கு அதிகாரம் இருக்குதான்னு மேல கேட்டுக்கலாங்க” என்றார். வீட்டு வரியை ஏற்றியபோது அவருக்கு இந்தச் சந்தேகம் வரவில்லை. ஆட்சேபணை எழுதிச் சென்னைக்கு அனுப்பிவிட்டாராம். கண்டிப்பாக உங்கள் துறைக்குத்தான் வரும். முதுகெலும்புள்ள ஒருவர் கையில் அது சிக்கும்படி பார்த்துக்கொள்.

அடுத்த வாரமே டிராக்டர் ஓட்டுகிற நம் சவுரியப்பன் மண்டபத்துக்குப் போனார். முன்பு ஒரு தடவை போனபோது, “எங்களுக்கு அந்தோணியாருங்க” என்று சொன்னதற்கு, “அப்ப கோயில்லயே வெச்சுக்கங்க” என்று திருப்பி அனுப்பப்பட்டவர். இந்தத் தடவை தீர்த்தகிரி எதையும் கேட்கவில்லை. முகத்தை எங்கேயோ திருப்பிக்கொண்டு வெற்றிலை மாற்றிக்கொண்டார். சவுரியப்பன் மகள் பிரின்சிக்கு மாதா கோயிலில் தாலி கட்டிவிட்டு மண்டபத்தில் விருந்து. தேதி அதே நவம்பர் 27. எனக்கு ‘போயிருச்சுங்களே’ என்று சொன்ன தேதிதான், காலியாகத்தான் கிடந்திருக்கிறது. நீ தருமபுரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டதால், நான் சவுரியப்பனையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர்களுக்கு வேறு நாளும் இல்லை. அந்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ் முடிகிறவரை கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மாப்பிள்ளை ராணுவத்தில் இருக்கிறான், அதற்குள் லீவு முடிந்துவிடும்.

அந்தப் பிள்ளை நம் வாசலில் வந்து நின்று, “ஏசி மண்டபமா அத்தை, நெசமாவா?” என்று கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உன் அக்கா மணிமேகலை

சென்னை
2.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. வேலைப்பளு. இங்கே நல்ல மழை. சோபனாவுக்குச் சளி. அங்கே மழை உண்டா? மக்காச்சோளம் எப்படி இருக்கிறது?

ஒரு யோசனை சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தீர்மானத்தை மன்றமே திரும்பப் பெற்றுக்கொண்டால் எல்லோருக்கும் கௌரவமாக இருக்கும். சில விஷயங்கள் மேலே போன பிறகு யார் கையிலும் இருக்காது. பொதுவாகச் சொல்கிறேன்.

பிரியா உங்களை விசாரித்தாள்.

அன்பு

ஆலேரிஹள்ளி
25.9.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் ‘பொதுவாகச் சொல்கிறேன்’ கடிதத்துக்கு நான் போட்ட பதில் தபாலில் தொலைந்ததா, உன் மேஜையில் தொலைந்ததா? சோபனாவுக்குச் சளி குணமாயிற்றா என்றுகூடத் தெரியவில்லை.

அரசாணை வந்துவிட்டது. தீர்மானம் ரத்து. காரணத்தைக் கேள். தீண்டாமைக்கு எதிராக ஏற்கெனவே சட்டங்கள் இருக்கின்றனவாம், அதனால் ஒரு பேரூராட்சி தனியாக விதி செய்யக்கூடாதாம். மாநிலம் முழுக்க ஒரே நடைமுறைதான் இருக்க வேண்டுமாம். குலதெய்வத்தை விசாரிப்பது மரியாதை நிமித்தமான வழக்காறாம். வீட்டில் ஏற்கெனவே ஒரு பூட்டு இருக்கிறது, சாவி எங்களிடம் இருக்கிறது, நீ இன்னொரு பூட்டு வாங்காதே என்கிறார்கள். திருடன் உள்ளே கால் நீட்டிப் படுத்திருக்கிறான். ஒரே நடைமுறை என்று சொன்னதில் மட்டும் பொய்யில்லை. மாநிலம் முழுக்க நம்மை வெளியே நிறுத்துகிற நடைமுறை ஒன்றுதான்.

அந்த ‘ஏற்கெனவே இருக்கிற’ சட்டத்தைத் தேடிக்கொண்டு சவுரியப்பன் ஸ்டேஷனுக்கும் போனார். ஏனென்றால் ஆணை வந்த மறுநாளே தீர்த்தகிரி, காவலாளி கையில் வெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். “வெத்தல வாடிப்போச்சாம், வேற எடம் பாத்துக்கச் சொன்னாருங்க” என்றானாம். ஸ்டேஷனில், “ஜாதி பேரச் சொல்லித் திட்டலையே, சாமியத்தானே கேட்டாரு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிரின்சி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பத்திரிகை அடித்தாயிற்று.

இதை எழுதியவன் யார் என்று பார்த்துச் சொல். உன் பக்கத்து மேஜையாகக்கூட இருக்கலாம். முதலில் எழுதுகிறவன் எழுதியதன் கீழேதான் மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். மரியாதை நிமித்தமாம். அந்த ஆள் ஒரு நாளாவது ஒரு வாசலில் நின்று அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் அவன் பேனா ஓடியிருக்காது. இப்படி ஒரு புழுவுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவர்களை நினைத்தால்தான் எனக்கு இரக்கமாக இருக்கிறது.

உன் அக்கா மணிமேகலை

சென்னை
10.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். சோபனாவுக்குச் சளி குணமாகிவிட்டது.

நீங்கள் உணர்ச்சிவசப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி பார்த்தால் அந்த ஆணையில் தவறு இல்லை. ஒரு கோப்பில் முதலில் எழுதுபவர் தன் சொந்த விருப்பத்தையா எழுத முடியும்? விதியில் உள்ளதைத்தான் எழுதுவார். அவர் எழுதாவிட்டால் இன்னொருவர் எழுதுவார், எழுதாதவருக்குத்தான் நஷ்டம். இதில் தனிப்பட்ட முறையில் யாரையும் நோக வேண்டியதில்லை.

மண்டப விஷயமாக இனி நீங்கள் அலைய வேண்டாம். தருமபுரியில் முகூர்த்த நாளில் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் வேறு ஒரு வழி ஏற்பட்டிருக்கிறது. தீர்த்தகிரியே வந்து உங்களைப் பார்ப்பார் என்று நினைக்கிறேன். பழையதை மறந்து நல்ல முறையில் பேசுங்கள்.

தீபாவளிக்குப் புடவை அனுப்பியிருக்கிறேன்.

அன்பு

ஆலேரிஹள்ளி
19.10.2025

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். புடவையை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தீர்த்தகிரி வந்தார். வெள்ளித் தட்டில் வெற்றிலை, பழம், பூ. நம் காலனிக்குள் அவர் கார் வருவது இதுதான் முதல் தடவை, தெருவே வேடிக்கை பார்த்தது.

“தலைவரம்மா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. பிரியா பாப்பா கல்யாணம் நம்ம மண்டபத்துலதான். இருவத்தேழாம் தேதி, வாடகையே வேண்டாம்” என்றார்.

“அது சவுரியப்பனுக்குக் குடுத்த தேதியாச்சே.”

“அது அப்பங்க. இப்ப காலி.”

“குலதெய்வம் கேக்கலையா?” என்றேன்.

சிரித்தார். “உங்க தம்பிகிட்ட அதெல்லாம் எதுக்குங்க? நான் ஆபீசுக்கே போய்ப் பாத்தேன். ஊருக்காரர்னு காபி வாங்கிக் குடுத்து உக்கார வெச்சுப் பேசுனாரு. ஃபைல அவரே எழுதி அன்னிக்கே மேல அனுப்பிட்டாரு. மேல அப்படியே கையெழுத்துப் போட்டுட்டாங்க. அவரு மாதிரி நாலு பேரு இருந்தா ஊருல சண்டையே வராதுங்க.”

உன் மாமா எழுந்து உள்ளே போய்விட்டார், அந்த முழங்காலோடு. நான் தட்டைத் தொடவில்லை. எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

அம்மா செத்தபோது உனக்கு ஆறு வயசு. ராத்திரியில் உருண்டை பிடித்து உன் வாயில் வைத்தது நான்தான். போன கடிதத்தில் யாருக்காக இரக்கப்பட்டேன் என்று இப்போது எனக்கே தெரிகிறது. கோபம்கூட வரவில்லை, அன்பு. கோபப்படுவதற்கு ஒருத்தன்மேல் கொஞ்சமாவது மரியாதை இருக்க வேண்டும். தீர்த்தகிரி மண்டபத்துக்காரர், அவருக்குத் திமிர். முருகேஷுக்குப் பயம். உனக்கு என்ன? ஒரு பதவி உயர்வும் ஒரு ஏசி மண்டபமும். அவ்வளவு மலிவாகப் போயிருக்கிறாய்.

தீர்மானத்தை உன்னால் திருப்பித் தர முடியாது. தேதியைத் தர முடியும். அந்த நாள் எனக்கு வேண்டாம், பிரின்சிக்கே கொடுங்கள் என்று தீர்த்தகிரியிடம் சொல். பிரியா கல்யாணத்துக்கு வேறு நாள் பார்க்கலாம், நம் முனியப்பன் காலண்டரில் நாள் நிறைய இருக்கிறது. பிரின்சிக்கு இல்லை. இதைச் செய்தால் நீ என் தம்பி.

மணிமேகலை

சென்னை
3.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இதனுடன் பிரியாவின் திருமண அழைப்பிதழை வைத்திருக்கிறேன். தாய்மாமன் வரிசைக்கு அடுத்தபடியாக உங்கள் பெயரையும் மாமாவின் பெயரையும் பேரூராட்சித் தலைவர் என்ற பட்டத்துடன் அச்சிட்டிருக்கிறோம்.

மாப்பிள்ளை வீட்டார் நாளை மாற்றச் சம்மதிக்க மாட்டார்கள். அவர்களிடம் என்னவென்று காரணம் சொல்வது? சவுரியப்பன் குடும்பத்துக்கு என்னால் முடிந்த உதவியை வேறு வகையில் செய்வேன். நீங்கள் முன்நின்று நடத்தித் தர வேண்டும். அத்தை இல்லாமல் பிரியாவுக்கு என்ன கல்யாணம்?

அன்பு

ஆலேரிஹள்ளி
12.11.2025

அன்புவுக்கு,

அழைப்பிதழ் கிடைத்தது. காகிதம் நன்றாக இருக்கிறது.

வாரச் சந்தை ஷெட் பேரூராட்சிக்குச் சொந்தம். சந்தை செவ்வாய்க்கிழமைதான், வியாழன் காலி. அதைப் பிரின்சி கல்யாண விருந்துக்கு விடுவது என்று மன்றத்தில் முடிவு செய்துவிட்டோம். ஜாதியும் சாமியும் கேட்காத மண்டபம் இந்த ஊரில் இனி அது ஒன்றுதான். தக்காளிக் கூடை வைத்த இடம், கழுவி விடுகிறோம். ஏசி கிடையாது, நாலு பக்கமும் காற்று வரும். இதையும் ரத்து செய்ய வேண்டுமானால் சீக்கிரம் எழுத ஆரம்பி. மேலே கையெழுத்தாக நாள் பிடிக்கும்.

நான் அங்கேதான் இருப்பேன். உன் மாமாவும் அங்கேதான். காலனியில் யாரையும் உன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாதே என்று நான் தடுக்கவில்லை. தீர்த்தகிரியே உன் பெருமையை டீக்கடையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

மணிமேகலை

சென்னை
3.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். திருமணம் இறைவன் அருளால் சிறப்பாக நடந்தேறியது. மாப்பிள்ளை வீட்டார் திருப்தியாகச் சென்றார்கள். தீர்த்தகிரி கடைசிவரை வாசலிலேயே நின்று கவனித்துக்கொண்டார். மண்டபத்துச் சமையல் பாத்திரங்கள் பழுது என்று, தருமபுரியிலிருந்து வாடகைப் பாத்திரங்களை அவர் செலவிலேயே வரவழைத்துக் கொடுத்தார். அவ்வளவு நல்ல மனிதர்.

நம் பக்கத்து ஆட்கள் சற்றுக் குறைவு. பந்தியில் பின்வரிசைகள் காலியாக இருந்ததை வீடியோவில் வராமல் பார்த்துக்கொண்டோம். சாப்பாடு நிறைய மிஞ்சிவிட்டது. காலனிக்கு அனுப்பிவிடலாம் என்று தீர்த்தகிரி சொன்னார், வேனில் ஏற்றி அனுப்பினோம். வந்து சேர்ந்ததா?

எனக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. நீங்கள் வராததற்கு நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

அன்பு

ஆலேரிஹள்ளி
14.12.2025

அன்புவுக்கு,

வேன் வந்தது. சந்தை ஷெட்டில் எங்கள் பந்தி நடந்துகொண்டிருந்தபோதே வந்தது. டிரைவர் மூடியைத் திறந்து, “பாயசம்கூட இருக்குதுங்க” என்றான். சவுரியப்பன் மூடியை வாங்கி மூடிவிட்டு, அவனை உட்கார வைத்து எங்கள் இலையில் சாப்பாடு போட்டு அனுப்பினார். நீ அனுப்பிய எதையும் இறக்கவில்லை. மறுநாள் அதே மண்டபத்தில் தீர்த்தகிரி சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு நடந்தது. பழுதான பாத்திரங்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் சரியாகிவிட்டன.

போன ஞாயிறு பிரியாவும் குருவும் இங்கே வந்தார்கள். மாரண்டஹள்ளிக்குப் போகிற வழியில் இறங்கினார்களாம். பையன் நல்லவனாகத் தெரிகிறான். களியும் கோழிக் குழம்பும் ஆக்கிப் போட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு பிரியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏன் அத்தை, நம்மாளுங்க ஒருத்தர்கூட வரல? வழியில ஏதோ மறியல்னு அப்பா சொன்னாரு. ஆனா நீங்களாவது நடந்தே வந்திருக்கலாமே. நான் மணவறையில உக்காந்து வாசலையே பாத்துட்டு இருந்தேன்” என்றாள்.

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “உங்கப்பாவக் கேளு கண்ணு” என்று மட்டும் சொன்னேன். என் வாயால் சொன்னால் அது அத்தை சொன்ன பழியாகிவிடும்.

மே மாதத்திலிருந்து எத்தனை கடிதம் எழுதினாய். ஒன்றிலாவது ‘நான்தான் எழுதினேன்’ என்று நீ எழுதவில்லை. எனக்கு இனி அது வேண்டாம், தீர்த்தகிரியே சொல்லிவிட்டார். பிரியா இந்த மாதக் கடைசியில் சென்னைக்கு வருகிறாள், வந்ததும் உன்னைக் கேட்பாள். அவளிடம் விதி, நடைமுறை என்று ஆரம்பிக்காதே, அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். நீயே உன் வாயால் சொல். சொன்ன பிறகு எனக்கு எழுது. அதுவரைக்கும் எழுத வேண்டாம்.

மணிமேகலை